பிள்ளையின் நோய்க்குக் காணியில் மருந்து தேடிய வைத்தியர்

(ஜூலை மாத நினைவுக் கூட்டமொன்றில் வவுனியாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் நினைவுகூர வந்திருப்பது வைத்தியர் எஸ். ராஜசுந்தரம் அவர்களை. வவுனியாவில் வைத்தியம் பார்த்தவர். காந்தியம் என்ற அமைப்பின் அமைப்புச் செயலாளர். 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டவர்.

புறப்படும்போது எங்கள் இளம் அங்கத்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். “அவர் தோட்டத்தில் பிறந்தவர் இல்லை. எங்கள் சங்கத்தில் சந்தா கட்டியவரும் இல்லை. ஒருநாள் பெயரை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வடக்கு வைத்தியர் ஒருவருக்காக ஏன் போக வேண்டும்?” நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும். இந்த உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

தோழர்களே, இந்த மண் நமக்குப் புதிதில்லை. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி இந்தக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கோப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த மலையை வளர்த்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்கள் மேசையில் வைத்துப் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு பார்த்தது 1974இல். பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அந்தப் பேச்சுகளில் எந்தத் தொழிலாளியையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

1973, 74 ஆண்டுகளை நம் பாட்டிமார் இன்னும் பஞ்ச காலம் என்றுதான் சொல்கிறார்கள். மாவு கிடைக்கவில்லை. வேலை நாள் குறைந்தது. கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்ற காலம் அது. தோட்டங்களில் சாவு கூடியது. முதலில் போனவர்கள் கைக்குழந்தைகளும் முதியவர்களும். அந்த ஆண்டுகளில் ஒரு வயது நிரம்புமுன் இறந்த பிள்ளைகளின் விகிதம் தோட்டங்களில் நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது பல இடங்களில் வேலையும் போனது, காம்பராவும் போனது. அதற்கு மேல் 1977 ஆகஸ்டில் கலவரம் வந்தது. லயங்கள் எரிந்தன. உடுத்திய துணியோடு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வடக்கே வந்தன. பாட்டன் நடந்து வந்த வழியில் பேரன் திரும்பி வந்தான். இந்த முறையும் கையில் ஒன்றும் இல்லை.

வந்தவர்களுக்குக் காத்திருந்தது என்ன? காடு, வெயில், நுளம்பு. குளிர்ந்த மலையில் இருந்தவர்களுக்கு மலேரியாக் காய்ச்சல் அவ்வளவாகத் தெரியாது. வன்னியில் அது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. (இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2016இல்தான்.) ஊரில் பிறந்து வளர்ந்த பெரியவரே காய்ச்சலில் படுத்துவிடுவார் என்றால், லயத்திலிருந்து வந்த, ஏற்கெனவே எடை குறைந்த மூன்று வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்? குடிக்கத் தோண்டிய கிடங்குத் தண்ணீர். அதனால் வயிற்றோட்டம். வயிற்றோட்டத்தால் இன்னும் மெலிவு. மெலிந்த உடம்பில் அடுத்த காய்ச்சல்.

இந்த வட்டத்தை எந்த வைத்தியரும் அறிவார். பிள்ளை வருகிறது, மருந்து கொடுக்கிறோம், தேறுகிறது. அடுத்த மாதம் அதே பிள்ளை அதே நோயோடு திரும்பி வருகிறது. மருந்து வேலை செய்தது. ஆனால் பிள்ளை திரும்பிப் போனது அதே கிடங்குத் தண்ணீருக்கும் அதே வெறும் பானைக்கும். இதைக் கண்ட பிறகு ஒரு வைத்தியருக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவது. அதில் குற்றமில்லை, பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். மற்றது, கதிரையை விட்டு எழும்பி, அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது, எதைக் குடிக்கிறது என்று பார்க்கப் போவது. ராஜசுந்தரம் போனார்.

தனியாகப் போகவில்லை. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் அவர்களும் அவரும் சேர்ந்து 1976இல் காந்தியத்தைத் தொடங்கினார்கள். டேவிட் ஐயா ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பனில் 1924இல் பிறந்தவர். அவுஸ்திரேலியாவில் படித்தவர், கென்யாவில் வேலை செய்தவர். அவர் தலைவர், இவர் அமைப்புச் செயலாளர். ராஜசுந்தரத்தின் துணைவியாரும் வைத்தியர். இந்தக் குடும்பத்துக்கு வசதியாக வாழ வழி தெரியாமல் இருக்கவில்லை. வெளிநாட்டில் வேலை தேடி வைத்தியர்கள் கூட்டங் கூட்டமாகப் போன காலம் அது. அவர்கள் வவுனியாவில் அகதிகளோடு நின்றார்கள்.

காந்தியம் செய்த வேலை என்ன? கோவில்குளத்தில் ஒரு மையப் பண்ணை. 1977க்குப் பிறகு வந்த குடும்பங்களை வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று காணி கிடைத்த இடங்களில் குடியேற்றினார்கள். டொலர் பண்ணை, கென்ற் பண்ணை என்று நீங்கள் கேள்விப்பட்ட பெயர்களும் அதில் வரும். முதலில் கிணறு. பிறகு கொட்டில். பிறகு விதை, மண்வெட்டி. குடியேறிய குடும்பம் தானே விளைவித்துச் சாப்பிடும் வரைக்கும் கைகொடுப்பது. ஊருக்கு ஊர் போகும் வைத்திய சேவை.

அதோடு பிள்ளைகளுக்கு முன்பள்ளி. இந்த இடத்தில் நம் மாதர் தலைவிமார் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காந்தியம் ஊர் ஊராக முன்பள்ளி நடத்தியது. அந்தப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பாலும் திரிபோஷாவும் கிடைத்தன. படிப்பித்தது யார்? வெளியிலிருந்து வந்த பெரிய படிப்புக்காரர்கள் இல்லை. அந்தந்தக் கிராமங்களின் இளம் பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்து, பயிற்சி கொடுத்து, திரும்ப அந்த ஊருக்கே ஆசிரியையாக அனுப்பினார்கள். பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிற அதே பெண், பிள்ளை கை கழுவியதா, இன்றைக்குச் சாப்பிட்டதா என்று பார்க்கிறாள். வைத்தியர் ஒருவர்தான், அவர் ஒரு நாளில் எத்தனை ஊருக்குப் போக முடியும்? ஆனால் ஊரில் தினமும் இருக்கும் ஒரு பெண்ணின் கண் பழகிவிட்டால், காய்ச்சல் முற்றுமுன் பிள்ளை வைத்தியரிடம் வந்துவிடும்.

1978இல் சோவியத் நாட்டில் அல்மா ஆட்டா என்ற நகரத்தில் உலக நாடுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. எல்லோருக்கும் சுகாதாரம் வேண்டுமென்றால் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி மட்டும் போதாது, நல்ல தண்ணீர், உணவு, தாய் சேய் நலம், தடுப்பூசி, ஊரிலேயே பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் எல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும், அதில் ஊர் மக்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். பெரிய பெரிய நிபுணர்கள் கையொப்பம் வைத்த அதே ஆண்டுகளில், அந்தப் பிரகடனத்தில் இருக்கிற வேலை வன்னிக் காட்டில் கொட்டிலுக்குக் கொட்டில் நடந்துகொண்டிருந்தது.

தோழர்களே, இவ்வளவு நல்ல வேலைக்கு ஏன் இந்த முடிவு வந்தது? அதையும் மறைக்காமல் பேசுவோம்.

நாடற்றவன் லயத்தில் இருக்கும் வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. அவன் காணியில் கால் ஊன்றினால் அது அரசியல். வடக்கு கிழக்கின் எல்லையோரக் காணிகளில் மலையகத் தமிழர் குடியேறுவதை அன்றைய அரசாங்கம் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்த்தது. இளைஞர் இயக்கங்களோடு தொடர்புடைய சிலர் காந்தியத்தில் வேலை செய்தார்கள் என்பதும் உண்மை. அதைக் காரணம் காட்டி 1983 ஏப்ரல் தொடக்கத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ராஜசுந்தரத்தையும் டேவிட்டையும் பிடித்தார்கள். பனாகொடை முகாமில் அடைத்து வதைத்தார்கள். பிறகு வெலிக்கடை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை.

ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, 27ஆம் திகதி, மறுபடியும் கதவு உடைந்தது. இன்னும் 18 பேர். மொத்தம் 53 உயிர். தப்பியவர்களில் டேவிட் ஐயாவும் ஒருவர். உயிர் தப்பியவர்கள் சொன்னதன்படி, வந்த கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, எங்களைக் கொல்லாதீர்கள் என்று நயமாகப் பேசப் பார்த்தவர் ராஜசுந்தரம். அவரை வெளியே இழுத்து அடித்தார்கள். அரச காவலில் இருந்த மனிதர்கள் அவர்கள். இன்றுவரை அந்தக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பண்ணைகளுக்கு என்ன நடந்தது? 1984இல் டொலர், கென்ற் பண்ணைகளில் இருந்த நம் மக்களை விரட்டினார்கள். அந்த இடத்தில் சிங்களக் கைதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கே தாக்கினார்கள். கைதிகளும் அவர்களுடைய மனைவி மக்களுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் பெண்களும் பிள்ளைகளும் செய்த குற்றம் என்ன? அவர்களும் யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்ட ஏழைகள்தான். ஒரு வைத்தியர் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மண்ணில் பிள்ளைகளின் இரத்தம் சிந்தியது. எந்தப் பக்கத்தில் நின்றாலும் இதைச் சரி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ராஜசுந்தரத்தை நினைக்கிறவர்கள் சொல்லவும் முடியாது.

டேவிட் ஐயா 1983 செப்டம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைப்பில் வெளியேறி இந்தியாவுக்குப் போனார். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் திரும்பி வந்து, 2015 அக்டோபரில் கிளிநொச்சியில் தமது 91ஆவது வயதில் கண்ணை மூடினார். இந்த மண்ணில் சாக வேண்டுமென்று வந்த மனிதர்.

இனி, இளம் அங்கத்தவர்களின் கேள்விக்கு நேராக வருவோம். நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். காலையில் முதலாம் பாடம் முடியுமுன் மேசையில் தலை சாய்க்கிற பிள்ளையை எங்களுக்குத் தெரியும். சோம்பேறி என்று சொல்லிவிடலாம். கேட்டுப் பார்த்தால் சாயத்தண்ணியோடு வந்திருக்கும். வகுப்பில் வரிசையாக நிறுத்தினால் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் எத்தனை! இது எங்கள் கண் மட்டும் சொல்கிற கணக்கில்லை. 2016ஆம் ஆண்டின் அரச குடித்தொகை, சுகாதார அளவீட்டில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது ஏறக்குறைய 32. மூன்றில் ஒரு பிள்ளை. பஞ்ச காலத்தைப்போல இப்போது பிள்ளைகள் கூட்டமாகச் சாவதில்லை, அது உண்மை. ஆனால் குறுகி வளர்கிறார்கள். முதல் இரண்டு வயதில் குறுகிய உடம்பைப் பிறகு எவ்வளவு சோறு போட்டும் முழுதாக நிமிர்த்துவது கடினம். மூளை வளர்கிற காலமும் அதுதான். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் விழுவதற்கான காரணம் பிள்ளைக்காம்பராவிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

நம் தொழிற்சங்கங்கள் என்ன செய்கின்றன? சம்பளம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், அதில் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் மேசையில் சம்பளம் முடிந்தவுடன் கோப்பை மூடிவிடுகிறோம். பிள்ளைக்காம்பராவில் என்ன சாப்பாடு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குப் பயிற்சி உண்டா, அவளுக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் “பொம்பளைகள் விஷயம்” என்று தள்ளிவிடப்படுகின்றன. கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் பெரட்டுக்களத்தில் சத்தம் போடுகிறோம். பிள்ளையின் நிறை ஒரு கிலோ குறைந்தால் யார் சத்தம் போடுவது?

தொழிற்சங்கத்தால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். ராஜசுந்தரம் கொல்லப்பட்ட அதே 1983இல், ஜூன் 3ஆம் திகதி, இந்தியாவின் சத்தீஸ்கர் பகுதியில் தல்லி ராஜ்ஹரா என்ற இரும்புச் சுரங்க ஊரில் ஒரு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பெயர் ஷஹீத் ஆஸ்பத்திரி, தியாகிகளின் ஆஸ்பத்திரி. கட்டியது அரசாங்கமும் இல்லை, கம்பனியும் இல்லை. சங்கர் குஹா நியோகி தலைமை தாங்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம், தன் அங்கத்தவர்களின் காசிலும் கைவேலையிலும் கட்டியது. வேலூரில் படித்த குழந்தை வைத்தியர் பினாயக் சென் போன்றவர்கள் அங்கே போய்த் தொழிலாளரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்றுச் சுகாதார ஊழியர் ஆனார்கள். அங்கேயும் விலை கொடுத்தார்கள்: 1991இல் நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரி நின்றது.

நாளைக்கே ஆஸ்பத்திரி கட்டுவோம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சின்னதாக மூன்று காரியம் சொல்கிறோம். கிளைகள் பேசி முடிவெடுக்கட்டும்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கிளையிலும் இரண்டு தாய்மாரைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக நியமிப்போம். மருத்துவமாது நிறை பார்க்கிற நாளில் அவர்கள் கூட இருக்கட்டும். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு ஒன்று உண்டு. அது மேலே ஏறாமல் படுத்துவிட்டால், அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அன்றைக்கே போய்ப் பார்ப்போம். குறை சொல்லப் போகக் கூடாது. கைகொடுக்கப் போக வேண்டும். எத்தனை பிள்ளைகளின் கோடு படுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை மட்டும், பெயர் இல்லாமல், மாதாந்தக் கிளைக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். சந்தாக் கணக்கு வாசிப்பதற்கு முன்னால் வாசிக்கப்படட்டும்.

இரண்டாவது, அடுத்த பேச்சுவார்த்தையில் பிள்ளைக்காம்பராவின் சாப்பாடு, தண்ணீர், ஆசிரியையின் பயிற்சி, சம்பளம் ஆகியவை எழுத்தில் ஒரு கோரிக்கையாக இருக்க வேண்டும். அந்த மேசையில் பெண்களும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இந்த வன்னி மண்ணில் இருக்கும் நம் உறவுகளுக்காக. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று நம் மக்கள் குடியிருக்கும் ஊர்கள் இருக்கின்றன. காடு வெட்டினார்கள், யுத்தத்தில் ஓடினார்கள், முகாமில் கிடந்தார்கள், திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் வன்னியில் காணிப் பத்திரம் கையில் இல்லாத நம் குடும்பங்கள் உண்டு. பத்திரம் இல்லாவிட்டால் வீட்டுத் திட்டம் இழுபடும், கிணற்றுக்கு உதவி இழுபடும், வங்கிக் கடன் கிடையாது. தண்ணீர் இல்லாத வளவில் பிள்ளை எப்படித் தேறும்? ஆகவே ஊர் ஊராகக் குடும்ப விபரம் எழுதி, பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் மலையகத்துச் சங்கமும் தோள்கொடுக்க வேண்டும். இது அவர்களுடைய பிரச்சினை, நமக்கு என்ன என்று ஒதுங்கினால், 1964இல் மேசையில் வைத்து நம்மைப் பங்கு பிரித்தவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

தாய்மாரே, தோழர்களே, ராஜசுந்தரம் அவர்களுக்கு மாலை போடுவது சுலபம். படத்தை வைத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டால், அவரைப்போல் ஆவது எல்லோராலும் முடியாது என்று ஒரு சாக்கும் கிடைத்துவிடும். அவர் செய்ததில் பெரும்பகுதி எல்லோராலும் முடியக்கூடிய வேலை. கிணறு தோண்டுவது, பால் காய்ச்சிக் கொடுப்பது, ஒரு பெண்பிள்ளையை நம்பி அவள் கையில் முப்பது பிள்ளைகளை ஒப்படைப்பது. காணியும் தண்ணீரும் பாலும் பள்ளியும் பிள்ளைக்கு மருந்துதான் என்று அவர் கண்டுகொண்டார். அதை நம் மக்களோடு சேர்ந்து செய்தார். அதனால் அவர் நம்முடைய வைத்தியர். சந்தாப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும், நம் தொழிற்சங்க வேலையில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும், அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். அந்தத் திகதியைக் கிளைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.